கம்பெனியை யாரோ வாங்கப் போறாங்களாம்! பிபிசிஎல் கதை சிறு முதலீட்டாளருக்குச் சொல்லித் தரும் கணக்கு



"ஆடிட்டர் சார், அந்த ஆயில் கம்பெனியைப் பெரிய ஆளு ஒருத்தர் வாங்கப் போறாராம்ல. இப்பவே கொஞ்சம் வாங்கிப் போட்டா டபுள் ஆயிரும்னு சொல்லுதாங்க. போடலாமா?"

பாளையங்கோட்டையில என் ஆபீஸுக்கு வருமான வரிக் கணக்கு கொடுக்க வர்றவங்க, கணக்கை முடிச்சுட்டு எழுந்திருக்கும்போது கேட்கிற கேள்வி இது. கேட்கிறவங்க பெரும்பாலும் பெரிய டிரேடர் கிடையாது. ஓய்வு பெற்ற ஆசிரியர், மருந்துக் கடை வைத்திருப்பவர், வளைகுடாவில் இருந்து பணம் அனுப்பும் பையனின் அப்பா. போடப் போவது ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ. ஆனால் அவங்களுக்கு அந்தப் பணம் பெரிய பணம்.

கேள்வியில் தப்பே இல்லை. ஒரு கம்பெனி கை மாறும்போது சிறு பங்குதாரர்கள் நல்ல லாபம் பார்த்த சம்பவங்கள் உண்டு. ஆனால் "கம்பெனியை வாங்கப் போறாங்க" என்பதும் "என் பங்கை அந்த விலைக்கு வாங்கப் போறாங்க" என்பதும் இரண்டு தனித்தனி விஷயம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில்தான் நம்ம ஆட்கள் பணத்தை விடுறாங்க. இன்னைக்குப் பாடம் அந்தத் தூரத்தை அளப்பது எப்படி என்பதுதான். இதுக்கு இந்தியாவில் கிடைக்கிற சிறந்த உதாரணம் பாரத் பெட்ரோலியம், அதாவது பிபிசிஎல்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம்

2019 நவம்பர் 20. பிபிசிஎல்-லில் மத்திய அரசு வைத்திருந்த 52.98% பங்கு முழுவதையும், நிர்வாகக் கட்டுப்பாட்டோடு சேர்த்து விற்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மும்பை, கொச்சி சுத்திகரிப்பு ஆலைகள், நாடு முழுக்க பெட்ரோல் பங்க், கேஸ் சிலிண்டர் வியாபாரம் எல்லாம் சேர்ந்த கம்பெனி. அசாமில் இருக்கும் நுமாலிகர் ஆலையை மட்டும் தனியே பிரித்து அரசு நிறுவனங்களுக்குக் கொடுப்பதாக முடிவு.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்த வருடம் ஆகஸ்டில் 350 ரூபாய் பக்கத்தில் இருந்த பங்கு, அமைச்சரவை ஒப்புதல் வந்த நாளில் 540 ரூபாயைச் சுற்றி இருந்தது. அதாவது, டிவியில் செய்தி வந்து நம்ம ஆட்கள் ஆர்டர் போடும்போது, எதிர்பார்ப்புக்கான விலை ஏற்கெனவே ஏறி முடிஞ்சிருந்தது.

அதுக்குப் பிறகு வரிசையா நடந்தது இது:

2020 மார்ச் 7: வாங்க விருப்பம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அரசு அழைப்பு விட்டது. அரசு நிறுவனங்கள் கலந்துகொள்ள முடியாது என்று நிபந்தனை.

2020 மார்ச் கடைசி: கொரோனா. பங்கு 260 ரூபாய்க்கும் கீழே போனது.

மே 2 என்றிருந்த கடைசித் தேதி ஜூன் 13 ஆனது, பிறகு ஜூலை 31, பிறகு செப்டம்பர் 30, கடைசியில் நவம்பர் 16.

2020 நவம்பர்: மூன்று பேர் வந்தார்கள். வேதாந்தா, அமெரிக்காவின் அப்பல்லோ குளோபல், ஐ ஸ்கொயர்டு கேபிட்டலைச் சேர்ந்த திங்க் கேஸ். பலரும் பேசிக்கொண்டிருந்த ரிலையன்ஸ் வரவில்லை.

2021 மார்ச்: நுமாலிகர் ஆலையில் இருந்த 61.65% பங்கை 9,876 கோடி ரூபாய்க்கு பிபிசிஎல் விற்றது.

2021 ஜூலை: தனியார்மயமாகப் போகிற அரசு எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனங்களில் 100% அந்நிய முதலீட்டுக்கு அமைச்சரவை அனுமதி. "இப்பவாவது முடிஞ்சிரும்" என்று மறுபடியும் பேச்சு.

2022 மே 26: விற்பனையை ரத்து செய்வதாக அரசின் முதலீட்டு விலக்கல் துறையான டீபம் அறிவித்தது. கொரோனா அலைகள், உலக அரசியல் சூழ்நிலை ஆகியவற்றால், விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் தொடர முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்பது காரணம். அன்றைக்குப் பங்கு விலை சுமார் 325 ரூபாய்.

இரண்டரை வருடம். ஒரு ஓப்பன் ஆஃபர் கூட வரவில்லை.

(சார்ட்டைத் திறந்து பார்த்தால் 540-க்குப் பதிலா அதில் பாதி விலை காட்டும். பயப்படாதீங்க. 2024 ஜூனில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்ததால் பழைய விலையெல்லாம் பாதியாகத் திருத்திக் காட்டப்படுகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்வது போனஸுக்கு முந்தைய, அன்றைக்கு ஸ்க்ரீனில் தெரிந்த விலை.)

இதே கம்பெனியில் இதுக்கு முன்னாடியும் இதே ஆசை வந்து போயிருக்கு. பிபிசிஎல்-லையும் எச்பிசிஎல்-லையும் விற்க 2002-03 காலத்திலேயே முயற்சி நடந்தது. 2003 செப்டம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம் சட்டம் போட்டு நாட்டுடைமை ஆக்கிய கம்பெனிகளை நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது என்று சொன்னது. பர்மா ஷெல்லை எடுத்துக்கொண்ட 1976 சட்டம் குறுக்கே நின்றது. அந்தப் பழைய சட்டத்தை 2016-ல் நீக்கிய பிறகுதான் 2019 முயற்சிக்கே வழி பிறந்தது. இருபது வருடத்தில் இரண்டு தடவை "இந்தா வித்துட்டாங்க" என்று சொல்லி, இரண்டு தடவையும் விற்கவில்லை.

200 பங்கு வாங்கியவரின் கணக்கு

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் 2019 நவம்பரில் 540 ரூபாய்க்கு 200 பங்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம்.

போட்ட பணம்: 1,08,000 ரூபாய்
ரத்தான நாளில் மதிப்பு (325 ரூபாய்): 65,000 ரூபாய்
குறைவு: 43,000 ரூபாய்

டிவிடெண்ட் வந்ததே என்பீர்கள். வந்தது, நல்லாவே வந்தது. நுமாலிகர் விற்ற பணத்தையும் சேர்த்து 2020-21 நிதியாண்டுக்கு மட்டும் பங்குக்கு 79 ரூபாய். 200 பங்குக்கு 15,800. மற்ற வருட டிவிடெண்டையும் சேர்த்தால் நஷ்டம் இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் நஷ்டம் நஷ்டம்தான். டிவிடெண்டுக்கு அவரவர் வரம்புப்படி வரியும் உண்டு. அதே பணம் பேங்க் எஃப்டி-யில் 6% வட்டிக்குக் கிடந்திருந்தால் இரண்டரை வருடத்தில் 16,200 ரூபாய் வட்டி வந்திருக்கும்.

சரி, அவர் விற்காமல் வைத்திருந்தால்? 2024-ல் போனஸுக்கு முன் அந்தப் பங்கு 600 ரூபாயைத் தாண்டியது. ஆனால் அது டேக்கோவரால் வந்த லாபம் இல்லை. 2022-23-ல் 1,870 கோடியாக இருந்த கம்பெனியின் நிகர லாபம் 2023-24-ல் 26,673 கோடி ஆனது. வியாபாரம் தூக்கியது, பங்கு ஏறியது. யாரும் கம்பெனியை வாங்க வரவில்லை.

இதே பங்கை நகைக்கடன் எடுத்து வாங்கியவர் 2020 மார்ச்சில் பங்கு பாதிக்கும் கீழே போனபோது என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைச்சுப் பாருங்க. அவரால் 2024 வரை காத்திருக்க முடிந்திருக்குமா?

ஓப்பன் ஆஃபர் என்றால் என்ன?

இப்போ விதிக்கு வருவோம். ஒரு லிஸ்டட் கம்பெனியில் ஒருத்தர் 25% அல்லது அதுக்கு மேல் வாக்குரிமை வாங்கினால், அல்லது நிர்வாகக் கட்டுப்பாட்டை எடுத்தால், மீதிப் பங்குதாரர்களிடமும் வாங்க முன்வர வேண்டும். இதுதான் ஓப்பன் ஆஃபர். செபியின் 2011 டேக்கோவர் விதிகள் சொல்வது: குறைந்தது 26% பங்குக்கு ஆஃபர் கொடுக்க வேண்டும்.

விலை? அவர் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. பெரிய பங்குதாரரிடம் பேசி முடித்த விலை, கடந்த 52 வாரத்தில் அவர் வாங்கிய சராசரி விலை, கடந்த 26 வாரத்தில் அவர் கொடுத்த அதிகபட்ச விலை, அறிவிப்புக்கு முந்தைய 60 வர்த்தக நாட்களின் சந்தைச் சராசரி. இதில் எது அதிகமோ அதுக்குக் கீழே போகக் கூடாது.

அரசு நிறுவனப் பங்கு வைத்திருப்பவர்கள் இங்க ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும். அரசு தன் நிறுவனத்தைக் கட்டுப்பாட்டோடு சேர்த்து விற்கும்போது அந்த 60 நாள் சராசரி கணக்கில் வராது என்று 2022 டிசம்பரில் செபி முடிவு செய்து, அடுத்த வருடமே விதியைத் திருத்தியது. காரணம் எளிது. அரசு விற்பனை என்பது அமைச்சரவை, அழைப்பு, ஏலம் என்று மாதக்கணக்கில் வெளிப்படையாக நடக்கும். அதுக்குள் வதந்தியில் விலை ஏறிவிடும். ஏறின விலையை வாங்குபவர் தலையில் கட்டினால் யார் வருவார்? இது நமக்குச் சொல்வது: வதந்தியால் ஏறின விலைக்கு இப்போ விதியின் பாதுகாப்பும் கிடையாது.

மூன்று ஆயில் கம்பெனி, மூன்று விதமான முடிவு

டீல் நடந்தே விட்டது என்றாலும் சிறு பங்குதாரர் கைக்கு வருவது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி.

ஒன்று, ஐபிபி. 2002 பிப்ரவரியில் இந்த எண்ணெய் விற்பனை நிறுவனத்தில் அரசு வைத்திருந்ததில் 33.58% பங்கை இந்தியன் ஆயில் வாங்கியது. பங்குக்கு 1,551 ரூபாய். அப்போதைய விதிப்படி இன்னொரு 20%-க்கு அதே விலையில் ஓப்பன் ஆஃபர். நல்ல விலை. ஆனால் அரசு கையில் மீதம் இருந்த 26% போக மற்றவர்களிடம் இருந்தது சுமார் 40%. வாங்கப் போவது 20%. எல்லாரும் கொடுத்தால் இரண்டு பங்கில் ஒன்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மீதி? 2007-ல் ஐபிபி இந்தியன் ஆயிலோடு இணைந்தபோது 100 ஐபிபி பங்குக்கு 110 இந்தியன் ஆயில் பங்கு கிடைத்தது. அன்றைய விலையில் கணக்குப் போட்டால் 1,551-ல் பாதி கூடத் தேறவில்லை.

இரண்டு, கெய்ர்ன் இந்தியா. ராஜஸ்தான் எண்ணெய் வயல் வைத்திருந்த இந்தக் கம்பெனியை வாங்குவதாக 2010 ஆகஸ்ட் 16 அன்று வேதாந்தா அறிவித்தது. பெரிய பங்குதாரரான கெய்ர்ன் எனர்ஜிக்குப் பங்குக்கு 405 ரூபாய். இதில் 50 ரூபாய், போட்டி வியாபாரம் தொடங்க மாட்டேன் என்ற உறுதிக்கான கட்டணம். சிறு பங்குதாரருக்கான ஓப்பன் ஆஃபர் விலை 355 மட்டும். "அவருக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலையா?" என்று கேட்கத் தோணும். அந்தக் கட்டணம் பிறகு கைவிடப்பட்டது. 2011 அக்டோபரில் அமலுக்கு வந்த புதிய விதிகளில், இப்படித் தனியாகக் கொடுக்கிற பணத்தையும் ஆஃபர் விலையில் சேர்த்தாக வேண்டும் என்று ஆனது. இன்னொரு விஷயம், நேரம். அரசு அனுமதி எல்லாம் வாங்கி அந்த டீல் முடிந்தது 2011 டிசம்பரில். பதினாறு மாதம்.

மூன்று, எச்பிசிஎல். 2018 ஜனவரியில் அரசின் 51.11% பங்கை ஓஎன்ஜிசி 36,915 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பங்குக்கு 473.97 ரூபாய், அன்றைய சந்தை விலையை விட சுமார் 14% அதிகம். சிறு பங்குதாரருக்கு எவ்வளவு? ஒன்றும் இல்லை. ஓப்பன் ஆஃபரே வரவில்லை. விற்றது அரசு, வாங்கியது அரசு நிறுவனம், கடைசியில் கட்டுப்பாடு மத்திய அரசிடமே இருக்கிறது என்பதால் விலக்கு.

ஆக, "பெரிய டீல்" என்ற ஒரே வார்த்தைக்குப் பின்னால் பாதி அல்வா, தாமத அல்வா, காலி டப்பா என்று மூன்றும் இருக்கு. நான்காவது வகை பிபிசிஎல்: கடையே திறக்கவில்லை.

உங்க பங்கில் எத்தனையை எடுத்துக்கொள்வார்கள்?

இது பலருக்கும் புரியாத இடம். இருட்டுக்கடை அல்வா வரிசையில் முன்னாடி நின்றவருக்குக் கிடைக்கும், பின்னாடி நின்றவர் வெறுங்கையோடு போவார். ஓப்பன் ஆஃபர் அப்படி இல்லை. எத்தனை பேர் கொடுத்தாலும், எல்லாரிடமும் ஒரே விகிதத்தில் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி டீமேட்டில் போட்டுவிடுவார்கள்.

பிபிசிஎல் டீல் நடந்திருந்தால்? அரசு பங்கு 52.98% போக மற்றவர்களிடம் இருந்தது 47.02%. ஓப்பன் ஆஃபர் 26%-க்கு. எல்லாரும் கொடுத்திருந்தால் 100 பங்குக்கு 55 பங்குதான் எடுபடும். 45 பங்கு நம்ம கையிலேயே இருக்கும், டேக்கோவர் பரபரப்பு முடிந்த பிறகான விலையில்.

இப்போ முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

வாங்கும் விலை 540. 100 பங்கு, 54,000 ரூபாய்.
டேக்கோவர் பேச்சே இல்லை என்றால் அந்தப் பங்கின் விலை 400 இருக்கும் என்று வைப்போம்.
ஆஃபர் விலை 650 என்று தாராளமாகவே வைப்போம்.
ஆஃபர் முடிந்த பிறகு மீதிப் பங்கு 450-க்கு விற்கும் என்று வைப்போம்.

டீல் நடந்தால்: 55 பங்கு × 650 = 35,750. 45 பங்கு × 450 = 20,250. மொத்தம் 56,000. லாபம் 2,000.

டீல் நடக்காவிட்டால்: 100 பங்கு × 400 = 40,000. நஷ்டம் 14,000.

ஜெயித்தால் 2,000, தோற்றால் 14,000. ஒரு தடவை தோற்றதைச் சரிக்கட்ட ஏழு தடவை ஜெயிக்கணும்!

"எல்லாரும் பங்கைக் கொடுக்க மாட்டாங்க சார், நிறைய எடுபடும்" என்று சொல்லலாம். நியாயம்தான். 80 பங்கு எடுபட்டால் 52,000, மீதி 20 பங்குக்கு 9,000. மொத்தம் 61,000, லாபம் 7,000. அப்பவும் தோற்றால் போவதில் பாதிதான் ஜெயித்தால் வருது. இந்த 54,000 ரூபாயும் 9% நகைக்கடன் என்றால், கெய்ர்ன் டீல் மாதிரி 16 மாதம் இழுத்தால் வட்டி மட்டும் 6,480. அந்த 7,000 லாபமும் வட்டிக்கே போச்சு.

எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்க, தாராளமா. 650-க்குப் பதில் 800 வைத்தால் கணக்கு நல்லாவே மாறும். நான் சொல்ல வருவது, 800 என்று உங்களுக்கு யார் சொன்னது என்பதை எழுதி வையுங்கள் என்பதுதான். அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டால், வாங்கும் கையும் நிற்கணும்.

நாலுவழிச் சாலை வருதுன்னு கேள்விப்பட்டு ஊருக்கு வெளியே காலிமனை வாங்கினவங்க கதை நமக்கு நல்லாவே தெரியும். சாலை வந்தாலும் நம்ம மனை பக்கமா வரணும், வந்தாலும் வாங்க ஆள் வரணும். வாங்கும்போதே "சாலை விலை" கொடுத்து வாங்கினவருக்கு, சாலை வந்தாலும் பெரிய லாபம் இல்லை.

வாங்க வருகிறவர் இடத்தில் உட்கார்ந்து யோசிங்க

வதந்தி கேட்டதும் நாம் விற்கிற விலையைத்தான் யோசிக்கிறோம். வாங்குகிறவர் ஏன் வாங்குவார் என்று யோசிப்பதில்லை.

பெட்ரோல் விலை 2010-லும் டீசல் விலை 2014-லும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்து விடுவிக்கப்பட்டது. 2017 ஜூனில் இருந்து தினமும் விலை மாறும் என்று ஆனது. அது காகிதத்தில். 2021 நவம்பர் தொடங்கி 2022 மார்ச் வரை, ஐந்து மாநிலத் தேர்தல் நடந்த சமயத்தில், 137 நாள் விலை அப்படியே நின்றது. இதே நேரத்தில் உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்தது. விற்கிற விலையைத் தானே வைக்க முடியாத கடையை, பல்லாயிரம் கோடி கொடுத்து யார் வாங்குவார்? இந்தக் கேள்வியைக் கேட்க எம்பிஏ வேண்டாம். வண்ணாரப்பேட்டையில் பெட்ரோல் போடும்போது போர்டில் இருக்கிற விலை மாறுதா இல்லையா என்று பார்த்திருந்தாலே போதும்.

அதே மாதிரி வாங்குபவரின் நிலைமை. வேதாந்தா பெயரைக் கேட்டதும் நம்ம பக்கத்து மக்களுக்கு தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைதான் ஞாபகம் வரும். 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தமிழக அரசு அதை மூட உத்தரவிட்டது. பெரிய கம்பெனி என்றாலும், அரசு அனுமதி, மக்கள் எதிர்ப்பு, கடன் திரட்டும் சக்தி எல்லாம் சேர்ந்துதான் ஒரு திட்டம் நிற்பதும் போவதும். "பெரிய ஆளு வாரான்" என்பது மட்டுமே காரணம் ஆகாது.

"உள்ளே இருந்து வந்த நியூஸ்" வந்தால்?

"மச்சான் அந்தக் கம்பெனியிலதான் இருக்காரு, உறுதியா சொல்லுதாரு." இப்படி வரும் செய்தி பொய் என்றால் பணம் போகும். உண்மை என்றால் அது இன்னும் வெளியாகாத, விலையைப் பாதிக்கும் தகவல். அதை வைத்து வாங்குவது இன்சைடர் டிரேடிங், செபி சட்டப்படி குற்றம். சொன்ன மச்சானுக்கும் சிக்கல், வாங்கின உங்களுக்கும் சிக்கல். இரண்டு பக்கமும் நமக்கு நல்லது இல்லை.

எங்கே சரிபார்ப்பது?

பெரிய கம்பெனிகள் பற்றி முக்கிய ஊடகங்களில் வதந்தி வந்து விலையும் கணிசமாக நகர்ந்தால், 24 மணி நேரத்துக்குள் உறுதி செய்யணும், மறுக்கணும் அல்லது விளக்கணும். சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகளுக்கு 2024 ஜூன் 1 முதலும், முதல் 250-க்கு 2024 டிசம்பர் 1 முதலும் இது கட்டாயம். பங்குச்சந்தை இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டு அறிவிப்புகளைப் பாருங்க. டெலிகிராம் குரூப்பில் வருவது அறிவிப்பு இல்லை.

உண்மையான டேக்கோவர் என்றால் அதுக்கு ஒரு தடம் இருக்கும். முதலில் பொது அறிவிப்பு, ஐந்து வேலை நாளுக்குள் நாளிதழில் விரிவான அறிக்கை, பிறகு ஆஃபர் கடிதம். பங்கை ஒப்படைக்க 10 வேலை நாள் தருவார்கள். முடிந்த 10 வேலை நாளில் பணம் வரணும். ஒரு தடவை ஒப்படைத்த பங்கைத் திரும்பக் கேட்க முடியாது, அதனால் அவசரப்பட்டு முதல் நாளே கொடுக்காதீங்க. ஆஃபர் தொடங்குவதற்கு முன்பு வரை விலையை உயர்த்தவும் வாய்ப்பு உண்டு. பொது அறிவிப்பு வந்த பிறகு முடிவெடுத்தால் லாபம் கொஞ்சம் குறையலாம். ஆனால் ஊகம் பெருமளவு குறையும்.

வரிக் கணக்கு: ஆடிட்டரா இதைச் சொல்லாம விட முடியாது

சந்தை வழியாகப் பங்கை ஓப்பன் ஆஃபரில் கொடுத்தால் சாதாரண விற்பனை மாதிரிதான். 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், வருடத்துக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5%. 12 மாதம் வரை என்றால் 20%. நஷ்டம் வந்தால் 8 வருடம் வரை கொண்டு போகலாம், ஆனால் மூலதன ஆதாயத்தோடு மட்டும்தான் கழிக்க முடியும். கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருக்கணும்.

வதந்தியை நம்பி இன்ட்ராடே செய்தால் அது ஸ்பெகுலேஷன் வியாபாரம். அந்த நஷ்டத்தை ஸ்பெகுலேஷன் லாபத்தோடு மட்டும்தான் கழிக்கலாம், 4 வருடம் வரை. கால் ஆப்ஷன் வாங்கி விட்ட பணம் வியாபார நஷ்டம். சம்பளத்தோடும் கழிக்க முடியாது, பென்ஷனோடும் முடியாது. பென்ஷன் முழுசுக்கும் வரி கட்டிக்கொண்டே, விட்ட பணத்தையும் பார்த்துக்கொண்டிருக்கணும். செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம். டேக்கோவர் எப்போ அறிவிப்பார்கள் என்பது அரசுக்கே தெரியாத இடத்தில், மாதக் கடைசியில் காலாவதி ஆகிற ஆப்ஷனை வாங்குவது எதை நம்பி?

வாங்கும் முன் ஒரு தாளில் எழுத வேண்டிய ஆறு பதில்

1. டேக்கோவர் நடக்கவே நடக்காது என்றால், இந்தப் பங்கை இந்த விலைக்கு வாங்குவேனா?
2. விற்பவர் யார், வாங்குபவர் யார்? கட்டுப்பாடு உண்மையிலேயே கை மாறுதா, அல்லது எச்பிசிஎல் மாதிரி வீட்டுக்குள்ளேயே மாறுதா?
3. ஓப்பன் ஆஃபர் விலை எவ்வளவு வரலாம்? அந்த எண் எங்கிருந்து வந்தது?
4. 100 பங்கில் எத்தனை எடுபடும்? மீதியை என்ன விலைக்கு விற்பேன்?
5. இரண்டரை வருடம் இழுத்தால் இந்தப் பணம் இல்லாமல் சமாளிப்பேனா? மகள் கல்யாணம், காலேஜ் ஃபீஸ் எதுவும் குறுக்கே வருதா?
6. இது என் பணமா, கடன் பணமா?

முதல் கேள்விக்கு "ஆமாம்" என்றால் வாங்குவதில் தப்பில்லை. டிவிடெண்ட் வரும், வியாபாரம் வளர்ந்தால் விலை ஏறும், டேக்கோவர் வந்தால் அது மேலே தூவிய முந்திரி. முதல் கேள்விக்கு "இல்லை" என்றால் மற்ற ஐந்துக்கும் எண்ணில் பதில் வேணும். ஆறாவது பதில் "கடன்" என்றால், மீதி ஐந்தையும் கிழிச்சுப் போட்டுட்டு நகையை லாக்கர்லயே விட்டு வைங்க.

வீடியோவில் வேகமாகச் சொன்ன கணக்கைத்தான் இங்கே நிதானமாக எழுதியிருக்கேன். ஒரு பேப்பர், பேனா எடுத்து உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. இது எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்லும் பரிந்துரை இல்லை. நான் செபி பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் கிடையாது, பட்டயக் கணக்காளர். பிபிசிஎல்-லை எடுத்தது பாடத்துக்காக மட்டும். வரி விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும் என்பதால், ரிட்டர்ன் போடும் முன் அந்த வருட விதியை உங்க ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கோங்க.

அடுத்த பாடத்தில் கம்பெனிகள் இணையும்போது கொடுக்கிற பங்கு மாற்று விகிதத்தை எப்படிக் கணக்குப் போடுவது என்று பார்ப்போம்.